பூட்டு உடையும் முன்பே

செமோர் பக்கத்துத் தாமான்களில் இரும்புக்குக் குறைவே இல்லை. வாசலில் ஒரு கேட், கார் நிறுத்தும் இடத்தை மூடி ஒரு கிரில், கதவுக்கு வெளியே இன்னொரு கிரில், ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி. பின் லோரோங் பக்கம் போனால் சமையலறைக் காற்றுத் துவாரத்தைக்கூடக் கம்பியால் அடைத்திருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் வீடு உடைபடுகிறது. பூட்டின் வளையத்தை அறுக்க நீளக் கைப்பிடி கொண்ட ஒரு கட்டர் போதும். இரவில் வீடு உடைத்துப் புகுவதைச் சொல்லும் குற்றவியல் சட்டத்தின் 457ஆவது பிரிவு, இங்கே செய்தித்தாள் வாசிக்கிறவர்களுக்கு மிகவும் பழக்கமான எண்.

அந்த இரும்பில் முதல் அடி விழும்போதே வீட்டை எழுப்பிவிடும்படி அலாரக் கம்பி இழுக்கிற ஆட்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் போகும் வழியில் இருக்கிறது செமோர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த மண். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தாமான் எழும்பியது. தோட்டத்துப் பிள்ளைகள் வயரிங், வெல்டிங், லோரி என்று கிடைத்த தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கூடப் போன இருவரும் அப்படி வந்தவர்கள்தான். மூத்தவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஆட்டோகேட், சிசிடிவி, அலாரம் மூன்றும் செய்கிறார். உதவிக்கு வரும் தம்பி ஈப்போவில் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகத்தில் மின்சாரம் படித்தவர். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தைய வாரங்களில் இவர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் அப்போதுதான் அலாரத்தை நினைக்கிறார்கள்.

அன்றைய வேலை ஒரு வரிசை வீட்டில். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மா அங்கே இருக்கிறார். மகளுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. "ராத்திரியில நான் எழுந்து நடப்பேன் தம்பி. நான் நடந்தா அது கத்தக்கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எந்த சென்சார் என்பது அங்கேயே முடிவானது. உடல் சூடு நகர்வதைப் பார்க்கும் பிஐஆர் சென்சாரை இரவில் போட்டு வைத்தால், அந்த அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தாலே சைரன் அலறும். கதவில் வைக்கும் காந்த சுவிட்ச், கதவு திறந்த பிறகுதான் சொல்லும். நெம்புகோல் கதவு நிலையில் பதியும்போதே எழுப்ப வேண்டுமானால் அதிர்வை உணரும் ஷாக் சென்சார் வேண்டும். உள்ளே இருப்பவர் தாராளமாக நடமாடலாம். வெளியிலிருந்து நிலையை இடித்தால்தான் அது வாய் திறக்கும்.

மூத்தவர் தன் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு வீட்டைத் தட்டிப் பார்த்தார். ஸ்குரு டிரைவரின் பிடியால் கதவு நிலையை மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே, மற்ற உள்ளங்கையை எதிர்ப்பக்க மரத்தில் பதித்து நின்றார். "அண்ணே, இங்க கை வைங்க" என்று என்னையும் கூப்பிட்டார். முன்வாசலில் தட்டியது எதிர்ப்பக்கம் வரை கூர்மையாக வந்து கையைத் தொட்டது. பின்வாசலில் இடுப்பு உயரத்துக்குக் கீழே தட்டியபோது பொத்தென்று ஒரு சத்தம். கைக்கு எதுவும் வரவில்லை. கரையான். மேலே பெயின்ட் புதுசாக இருக்க, உள்ளே மரமே இல்லை.

"இதுல வெச்சா வேலைக்காகாது அம்மா. அதிர்வு போகாது. போகட்டும்னு சென்சாரோட உணர்வை நான் கூட்டி வெச்சா, பூனை குதிச்சாலும் கத்தும். மொதல்ல நிலையை மாத்துங்க."

அந்த வாசலின் கூலி அன்று அவருக்குக் கிடைக்காது. தெரிந்தேதான் சொன்னார்.

ஷாக் சென்சார் என்பது விரல் நீளமுள்ள பிளாஸ்டிக் பெட்டி. பழைய வகையில், தங்கமுலாம் பூசிய இரண்டு முனைகளின் மேல் சின்ன உலோக எடை ஒன்று உட்கார்ந்திருக்கும். அடி விழுந்தால் எடை துள்ளும். ஒரு கணம் சுற்று அறுந்து சேரும். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் பீசோ படிகம். அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தக் குணத்தை ழாக், பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். படிகம் தரும் துடிப்பை உள்ளேயிருக்கும் சின்னச் சுற்று எடைபோடுகிறது: ஒரே பலத்த அடியா, இல்லை கொஞ்ச நேரத்துக்குள் அடுத்தடுத்து விழும் சின்ன அடிகளா? உளியால் மெதுவாக நெம்புகிறவனைப் பிடிப்பது இரண்டாவது கணக்கு. கதவையும் ஜன்னலையும் கம்பியால் கட்டி மணியடிக்க வைக்கும் யோசனை இதைவிடப் பழையது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து அகஸ்டஸ் போப் 1853இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளில் எட்வின் ஹோம்ஸ் அதை விலைக்கு வாங்கித் தொழிலாக்கினார்.

தம்பி சிலிங்குக்குள் ஏறினார். ஓட்டுக்கூரைக்கும் பலகைக்கும் நடுவே, வெயில் ஏறிய நேரத்தில் நிற்க முடியாத சூடு. நான் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கினேன். அவர் முட்டி போட்டு, சட்டத்துக்குச் சட்டம் நகர்ந்து, பிவிசி குழாய்க்குள் ஆறு இழைக் கேபிளை இழுத்துக்கொண்டு போனார். இரண்டு இழை 12 வோல்ட் மின்சாரத்துக்கு, இரண்டு அலாரத்துக்கு, மீதி இரண்டு சென்சாரின் மூடியை யாராவது திறந்தால் சொல்வதற்கு. குழாய் எதற்கு என்று கேட்டேன். எலி என்றார். கேபிள் இல்லாத சென்சார்கள் கடையில் நிறைய இருக்கின்றனவே என்றதற்கு மூத்தவர் கீழிருந்து பதில் சொன்னார்: "ஒவ்வொண்ணுலயும் பேட்டரி இருக்கு அண்ணே. மாத்த மறந்துருவாங்க. கேபிள் போட்டா அலாரப் பெட்டியில ஒரே பேட்டரி, அதை நான் வந்து பார்த்துக்குவேன்." யாராவது வெளியே மெயின் சுவிட்சை அணைத்தாலும் அந்த 12 வோல்ட் பேட்டரி பல மணி நேரம் தாங்கும்.

இணைப்புகளை இவர்கள் முறுக்கி டேப் சுற்றி விடுவதில்லை. சிலிங் சூட்டில் டேப்பின் பசை உருகிவிடும், ஈரம் ஏறும், செம்பு கறுக்கும். பிறகு ஏதோ ஓர் இரவில் காரணமே இல்லாமல் சைரன் ஊளையிடும். ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறார்கள். அந்த ஈயக் கம்பியில் பாதிக்கு மேல் வெள்ளீயம். உலகத்துக்கே வெள்ளீயம் கொடுத்த கிந்தா பள்ளத்தாக்கு இது. 1985இல் விலை சரிந்ததும் ஈயலம்பங்கள் வரிசையாக மூடின. இப்போது இவர்கள் அதைச் சின்னச் சுருளாகக் கடையில் வாங்குகிறார்கள்.

அவர் அதிக நேரம் விளக்கியது ஒரு ரெசிஸ்டரைப் பற்றி. கம்பி அறுந்தால் சுற்று திறந்து அலாரம் அடிக்கும், அது எல்லோருக்கும் தெரியும். அறுக்காமல் இரண்டு இழைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால்? சுற்று மூடியே இருப்பதாக அலாரப் பெட்டி நம்பிக்கொண்டிருக்கும். கதவை உடைத்தாலும் சத்தம் வராது. இதற்காகத்தான் கம்பியின் கடைசி முனையில், சென்சாருக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். பெட்டி அந்த அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறுத்தாலும் சேர்த்தாலும் அளவு மாறும், உடனே தெரிந்துவிடும். அவசர வேலைக்காரர்கள் இந்த ரெசிஸ்டரைப் பெட்டிக்குள்ளேயே திருகிவிட்டுப் போகிறார்கள். பெட்டி சரியாக இருப்பதாகக் காட்டும், கம்பிக்குப் பாதுகாப்பே இராது. வீட்டுக்காரருக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் தெரியாது. தெரியாத இடத்திலும் சரியாகச் செய்கிறவர்களை இந்த ஊரில் நான் பார்த்துவிட்டேன் என்பதில் எனக்கு நிறைவு.

மதியம் அந்த அம்மா தே ஓ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்ததாம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் புதுக்கிராமங்களும் தோட்டத்து லயங்களும் வேலிக்குள் போயின. "வேலி பாதுகாப்பா இருந்துச்சான்னு கேக்காதீங்க. பக்கத்து வீட்டு ஆளுங்கதான் பாதுகாப்பு. நடுவுல ஒரு பலகைதான். புள்ள இருமினா அங்க கேக்கும்."

மூத்தவர் குடித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "அதான் அம்மா, செங்கல்லுல அது கேக்காது" என்றார். இது அவருடைய அன்றாட அனுபவம். மரமும் இரும்பும் அதிர்வை இழுத்துக்கொண்டு போகும்; செங்கல் சுவரில் ஒவ்வொரு சிமென்ட் இணைப்பும் அதைத் தின்றுவிடும். லயத்தின் பலகைச் சுவர் பத்து வீட்டுக்கும் கேட்கிற காதாக இருந்தது. வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அடி தள்ளிப் படுத்திருந்தாலும் இங்கே கதவு உடைவது அவருக்குத் தெரியாது.

எல்லாம் பொருத்தி முடிந்தபின் தொடங்கியதுதான் உண்மையான வேலை. சென்சாரின் மூடிக்குள் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது, உணர்வைக் கூட்டவும் குறைக்கவும். முஷ்டியால் கதவின் நடுவில் ஒரு தட்டு: அலாரம் வரக்கூடாது, பிள்ளைகள் எறியும் பந்து அவ்வளவுதான் அடிக்கும். ரப்பர் சுத்தியலால் பூட்டுப் பக்கம், கீல் பக்கம், கீழ் மூலை: வர வேண்டும். நெம்புகோலின் நுனியை நிலையில் வைத்து அடுத்தடுத்து அழுத்தல்: வர வேண்டும். ஒவ்வொரு முறையும் திருகில் மயிரிழை மாற்றம். பிறகு சில நாள் சைரன் அடிக்காமல் பதிவு மட்டும் செய்யும் சோதனை நிலையில் விட்டுவைத்து, திரும்பி வந்து பதிவுகளை வாசிக்கிறார்கள். செமோரில் இது அவசியம். இடி இறங்கும் மாலைகள் அதிகம். பக்கத்துக் கந்தான் குன்றில் சுண்ணாம்புக்கல்லுக்கு வெடி வைக்கிறார்கள். கல் லோரிகள் ஓயாமல் ஓடுகின்றன. காரணமில்லாமல் அலாரம் இரண்டு முறை அடித்தால் மூன்றாம் நாள் வீட்டுக்காரர் அதை அணைத்துவிடுவார். அதன்பின் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக்.

அதே கந்தான் குன்றின் குகையில் ஒரு மூடிப்பொறிச் சிலந்தி வாழ்கிறது. லிபிஸ்டியஸ் கந்தான் என்று 1997இல் பெயர் பெற்ற இனம். வளையின் வாயில் மண்ணும் பட்டும் கலந்த மூடி. வாயின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாகப் பட்டு இழைகள் ஓடும். இழையைப் பூச்சி தொட்டால் உள்ளே இருக்கும் சிலந்திக்கு அதிர்வு போய்ச் சேரும். இந்த இனம் மிக அபாய நிலையில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. தம்பியிடம் இதைச் சொன்னேன். "அது எப்படி அண்ணே காத்துக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் பார்க்குது?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவனின் கேள்வி.

எல்லா ஜன்னலுக்கும் ஷாக் சென்சார் ஏற்றதில்லை. கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய பழைய நாக்கோ ஜன்னலில் அலுமினியப் பிடியை வளைத்துக் கண்ணாடியைச் சத்தமின்றி உருவிவிடலாம். அந்த அளவு அதிர்வு எதையும் எழுப்பாது. அங்கே ஜன்னலையே மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. தீ பிடித்த வீடுகளில் கிரில் சாவி கிடைக்காமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு குடும்பங்கள் இறந்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். சாவியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள் என்று தீயணைப்புத் துறையான போம்பா சொல்லிக்கொண்டே இருக்கிறது. சரியாக இழுத்த ஓர் அலாரக் கம்பி இருந்தால், படுக்கையறை ஜன்னல் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி விடலாம். மேலும் மேலும் இரும்பு சேர்ப்பதைவிட இதற்குச் செலவழிப்பது நல்லது என்றே நான் சொல்வேன்.

ஆனால் சரியாக இழுப்பதற்கென்று கூலி கிடைப்பதில்லை. இந்தத் தொழிலில் கணக்கு 'பாயிண்ட்' முறை: ஒரு சென்சாருக்கு இவ்வளவு. தட்டிப் பார்த்த நேரம், திருகைத் திருப்பிய நேரம், சோதனைப் பதிவை வாசிக்கத் திரும்பி வந்த பெட்ரோல், எதுவும் அதில் இல்லை. பாயிண்ட் விலையை இன்னும் குறைத்துக் கேட்கிற வீட்டுக்காரர், தெரியாமலேயே அந்த நேரத்தைத்தான் வெட்டுகிறார். அதனால் அலாரம் போட நினைப்பவர்களுக்கு: விலை எழுதி வாங்கும்போது, தட்டிப் பார்த்துத் திருகைச் சரிசெய்யும் வேலையைத் தனியாக ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள், அதற்குப் பணம் கொடுங்கள். ஒரு சென்சாரின் மூடியைத் திறந்து ரெசிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் கோபப்பட மாட்டார். ஏணியை எடுத்துவந்து சாத்துவார்.