தரை தொடும் நேரம்

2025 நவம்பர் 13 மாலை, மயிலாப்பூரில் நாம் பணியாற்றும் பங்கின் அலுவலகத்திற்கு ஒரு தாய் கைப்பேசியும் கையுமாக வந்தார். நார்த்தாமலை அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஒரு சிறு பயிற்சி விமானம் அவசரமாக இறங்கி நின்ற காட்சி அதில் ஓடியது. உள்ளிருந்த இருவரும் உயிர் பிழைத்திருந்தனர். அச்செய்தி அவரைத் தேற்றவில்லை.

"பறந்தது போதும்னு நீங்கதான் ஃபாதர் அவனுக்குச் சொல்லணும்."

அவருடைய மகன் வெளிமாநிலத்தில் விமானம் ஓட்டப் பயில்பவன். சில மாதங்களுக்கு முன் தனியே தரையிறங்கியபோது விமானம் துள்ளி, முன்சக்கரம் முறிந்தது. காயமில்லை. வீடு வந்தவன், திங்களன்று பயிற்சிக்குத் திரும்புவதா வேண்டாமா என்று உழன்றுகொண்டிருந்தான். சொல்கிறோம் என்று வாக்களித்துவிட்டோம். பங்குப்பணியாளரின் வாயில் எளிதாக வரும் வாக்கு அது.

மறுநாள் அவனைப் பரங்கிமலைக்கு அழைத்துச் சென்றோம். உச்சியிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தெரியும் என்பதை எப்படியோ மறந்துபோனோம்! 1910இல் தஞ்செலிஸ் என்னும் ஓட்டல்காரர் தம் விமானத்தைப் பறக்கவிட்ட பல்லாவரமும் அருகில்தான். அவன் கண் ஓடுபாதையை விட்டு அகலவில்லை.

கேட்காமலே விளக்கினான். தரையை நெருங்குகையில் மூக்கை மெல்ல உயர்த்தி, எடை தாங்கும் பின்சக்கரங்களை முதலில் பதிக்க வேண்டுமாம். முன்சக்கரத்திற்கு அத்தனை வலுவில்லை. விமானம் துள்ளினால் மூக்கைக் கீழே அழுத்தவே கூடாது. முழு விசை கொடுத்து மேலேறி, ஒரு சுற்று வந்து மறுபடி இறங்க வேண்டும்.

"அப்படியானால் ஏன் அழுத்தினாய்?"

"எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க ஃபாதர். அந்த நேரம் எப்படியாவது தரைக்கு வந்துட்டாப் போதும்னு இருந்துச்சு."

நாம் சொல்லவந்ததும் ஏறக்குறைய அதுவேயாதலால் பேச்செழவில்லை.

அன்று பிற்பகல் திருப்போரூர் அருகே விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் விழுந்தது. செய்தியைக் காட்டியபோது, "பைலட்?" என்று மட்டும் கேட்டான். பாராசூட்டில் தப்பினார் என்றோம். மூச்சை விட்டான்.

வாக்கைக் காக்கவில்லை என்று அத்தாயிடம் ஒப்புக்கொண்டோம். ஞாயிறு திருப்பலியில் அவருடைய இடம் காலியாக இருந்தது. திங்கள் காலை சென்ட்ரலில் அவனை வழியனுப்பச் சென்றோம். அவரும் வந்திருந்தார், புளிசாதப் பொட்டலத்துடன். நம்மிடம் பேசவில்லை.