பழைய மரமும் வாடகை வீடும்

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களின் வீடுகளில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். கூடத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். சுவரோரமாகத் தகரப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஊரிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகள் சில, கட்டுப் பிரிக்கப்படாமலே கட்டிலுக்கு அடியில் கிடக்கும். காரணம் கேட்டால், "இது என்ன, நாம் நிலையாக இருக்கப்போகும் வீடா? ஊரில் வீடு கட்டும்போது எல்லாம் செய்துகொள்ளலாம்" என்று விடை வரும். இவ்வாறு சொல்லிக்கொண்டே பத்து ஆண்டுகள் சென்றுவிடுகின்றன. பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துப் பாடம் எழுதியே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். வீடு தற்காலிகமாக இருக்கலாம். பிள்ளைகளின் இளமைப் பருவம் அந்த வீட்டில்தானே கழிகிறது?

மும்பையில் இருப்போர் இப்படி நினைப்பதற்குக் காரணமும் உண்டு. இங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதங்களுக்கே எழுதப்படுகிறது. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. புதிய தேக்கு மரச்சாமான் வாங்கப் பணம் போதாது. மலிவாகக் கிடைப்பது மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. மழைக்கால ஈரத்தில் அது உப்பிவிடும். ஒருமுறை வீடு மாற்றுவதற்குள் திருகாணிகள் கழன்று ஆடத் தொடங்கிவிடும். இவ்வளவு தொல்லை எதற்கு என்று தகரப் பெட்டியோடு நின்றுவிடுகிறோம்.

ஆயினும், குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்தும் வழி இந்நகரிலேயே இருக்கிறது. பழைய மரத்தை வாங்கி நம் கையாலேயே புதுப்பித்துக்கொள்வதே அவ்வழி. அதைத் தேடி நானும் நாகர்கோவில் நண்பர் ஒருவரும் இரண்டு கடைவீதிகளுக்குச் சென்று வந்தோம். நண்பரின் தந்தையார் தச்சுத் தொழில் செய்தவர். ஆதலால் மரத்தைத் தொட்டே அதன் தரம் சொல்லக்கூடியவர் நண்பர்.

மும்பையில் பழைய மரம் இவ்வளவு கிடைப்பதன் காரணத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் என்ற நிறுவனம் 1863-இல் இந்நகரில் தொடங்கப்பட்டது. பர்மாவின் காடுகளில் தேக்கு வெட்டி விற்பது அதன் தொழில். மரக்கணக்கைக் குறைத்துக் காட்டியதாகச் சொல்லி, 1885-இல் பர்மிய அரசவை அக்கழகத்துக்குப் பெருந்தொகை அபராதம் விதித்தது. அதையே காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் படையெடுத்தனர். தீபா மன்னர் அரியணை இழந்தார். அவரை முதலில் சென்னைக்கும், பின்னர் கொங்கணக் கரையிலுள்ள ரத்னகிரிக்கும் கொண்டு சென்றனர். அங்கேயே 1916-இல் அவர் காலமானார். ஒரு நாட்டின் அரசையே கவிழ்த்த அந்தத் தேக்கு, பம்பாயின் பழைய கட்டடங்களில் உத்தரமாகவும், மாடிப்படியாகவும், கதவாகவும், கட்டிலாகவும் அமைந்தது. அக்கட்டடங்கள் இப்போது ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. மரம் மட்டும் கடைவீதிக்கு வந்து சேர்கிறது.

முதலில் சோர் பஜாருக்குச் சென்றோம். மாட்டுங்காவில் மின்சார ரயில் ஏறி, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்தில் இறங்கி நடந்தால் பெண்டி பஜார் வரும். அதை அடுத்த மட்டன் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 'சோர்' என்றால் திருடன். ஆனால் இரைச்சலைக் குறிக்கும் 'ஷோர்' என்ற சொல்தான் இவ்வாறு திரிந்துவிட்டது என்று கடைக்காரர்கள் சொல்லுகிறார்கள். அங்கே அரைமணி நேரம் நின்றால் இரைச்சல் என்ற பொருளே பொருத்தமாகத் தோன்றும். வெள்ளிக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். அன்று விடியற்காலையில் நடைபாதையில் வேறொரு சந்தை கூடுகிறது. மரச்சாமான் வேண்டுவோர் மற்ற நாட்களில் செல்வதே நல்லது.

கடை வாசல்களில் வெண்கல விளக்குகள், கப்பல் மணிகள், பழைய திரைப்பட விளம்பரத் தாள்கள், இசைத்தட்டுப் பெட்டிகள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. இவற்றைக் கடந்து உள்ளே சென்றால் மரச்சாமான்கள் இருக்கும். என் கண்ணைக் கவர்ந்தவை ஈரானியர் தேநீர்க் கடைகளின் வளைந்த நாற்காலிகள். ஈரானியரும் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர்களே. அவர்களுடைய கடைகள் குறைந்து வருவதால், நாற்காலிகள் விற்பனைக்கு வருகின்றன. இவற்றின் முன்மாதிரியை வியன்னாவில் தொழில் நடத்திய மைக்கேல் தோனெட் என்பவர் 1859-இல் உருவாக்கினார். மரத்தை நீராவியில் பதமாக்கி வளைப்பது அவருடைய முறை. மொத்தம் ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவே. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கிவிடும். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாற்றும் நமக்கு இதைவிட ஏற்ற நாற்காலி வேறு இல்லை.

"அண்ணா, தேக்கு! தட்டிப் பாருங்கள்!" என்று கடைக்காரர் ஒரு சிறு மேஜையை எங்கள் முன் தள்ளினார். தென்னாட்டவரைக் கண்டால் 'அண்ணா' என்று அழைப்பது இங்குள்ள வழக்கம். நண்பர் தட்டிப் பார்க்கவில்லை. மேஜையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"மேலே பூசிய சாயத்தைப் பார்க்கக் கூடாது. அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே யாரும் வேஷம் போடமாட்டார்கள்" என்றார்.

அவர் சொன்ன சோதனைகளை நேயர்களும் அறிந்துகொள்வது நல்லது. தேக்கு கனமாக இருக்கும். அடிப்பக்கத்தைச் சற்றே சுரண்டினால் பொன்னிறம் கலந்த பழுப்பும், எண்ணெய்ப் பசையுள்ள மணமும் தெரியும். அந்த எண்ணெயே கரையானை அண்டவிடாமல் காப்பது. ஒரு கட்டையில் துளையிட்டு, மற்றதன் முனையை நாக்குப்போலச் செதுக்கிப் பொருத்தியிருந்தால் அது நல்ல வேலை. ஆணி மட்டுமே அடித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். சிறு துளைகளும் அவற்றின் கீழே மாவுபோல மெல்லிய தூளும் காணப்பட்டால், உள்ளே வண்டு உயிரோடிருக்கிறது என்று பொருள். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. கட்டிலானால் மூட்டைப் பூச்சிக்காக இடுக்குகளை எல்லாம் பார்க்க வேண்டும். கால் ஆடினால் அஞ்ச வேண்டியதில்லை. பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசையிட்டு, ஒருநாள் முழுவதும் கயிற்றால் இறுகக் கட்டிவைத்தால் போதும்.

வாங்குமுன் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. வீட்டு வாசலின் அகலத்தையும், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் ஒரு கயிற்றில் முடிச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். சுமைகூலியையும் முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். நான்காம் மாடிக்குத் தூக்கும் கூலி, சில வேளைகளில் நாற்காலியின் விலையையே மிஞ்சிவிடும்.

மறுவாரம் ஓஷிவாராவுக்குச் சென்றோம். இது மேற்கு ஜோகேஸ்வரியில் உள்ளது. ராம் மந்திர் என்ற ரயில் நிலையம் 2016-இல் திறக்கப்பட்டபின் போய்வருவது எளிதாகிவிட்டது. இங்கே பழைய சாமான்களோடு, பழைய மரத்தைக் கொண்டு புதிதாகச் செய்தவையும், பழமை போலத் தோன்றும்படி செய்த புதியவையும் கலந்தே விற்கப்படுகின்றன. எது எது என்று கேட்டால் நாணயமான வியாபாரி சொல்லிவிடுகிறார். மற்றவர்களிடம் கவிழ்த்துப் பார்க்கும் முறையையே கையாள வேண்டும்.

அங்கே ஒரு கொட்டகையின் பின்புறம் பெரிய நிலைக்கதவு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தூசியைத் துடைத்துப் பார்த்தபோது, மேல்கட்டையில் இருபுறமும் யானைகள் நிற்க, நடுவில் கஜலட்சுமி வீற்றிருந்தாள். செட்டிநாட்டு வேலைப்பாடு! பர்மாவில் பொருளீட்டிய நகரத்தார், அந்நாட்டுத் தேக்கைக் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். அவ்வீடுகள் சில பிரிக்கப்படும்போது, தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து இந்தியா முழுவதும் செல்கின்றன. கடைக்காரருக்கு அது 'தென்னாட்டுக் கதவு' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எத்தனை மணப்பெண்கள் அந்தப் படியைத் தாண்டி வந்திருப்பார்கள் என்று எண்ணியபடியே நின்றோம். கதவை வாங்க எங்களிடம் பணமும் இல்லை. வைக்க வீட்டில் சுவரும் இல்லை. அதன் அருகே கிடந்த, கொத்து வேலை இல்லாத சிறு சன்னற் கதவு இரண்டை வாங்கிக்கொண்டோம். மும்பைக் கட்டடம் ஒன்றிலிருந்து வந்தவை. அவற்றுக்குக் கால் பொருத்தினால் படிப்பு மேஜையாகும் என்றார் நண்பர்.

இனி வீட்டில் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லுகிறேன். பழைய சாமானில் வண்ணம் பூசியிருந்தால் சற்று எச்சரிக்கை வேண்டும். முற்காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று நம் அரசு 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பரில்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஆதலால் பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடலாகாது. நீர் தொட்டுத் தேய்த்து, கசடைத் துணியால் வழித்து அப்புறப்படுத்த வேண்டும். முகத்தில் கவசம் அணிய வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவ்விடத்தில் இருக்கலாகாது. சந்தேகமானால் வண்ணம் பூசிய சாமானையே தவிர்த்துவிடலாம்.

வண்ணம் இல்லாமல் மெருகு மட்டும் இருந்தால் வேலை எளிது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. அதை முழுவதும் உரித்தெடுக்க வேண்டியதில்லை. அழுக்கைத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துவிட்டு, புதிய அரக்கை மேலே பூசினால் பழையதும் இளகி இரண்டும் ஒன்றாகிவிடும். அவலரக்கை ஸ்பிரிட்டில் இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியால் வடிகட்டிக்கொள்ள வேண்டும். பழைய வேட்டித் துணியில் பஞ்சை முடிந்து, அதில் தொட்டு மெல்லிய பூச்சாகப் பலமுறை பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே அரைமணி நேரம் காயவிட வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்யலாகாது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மழைக்காலத்திலும் செய்யலாகாது. காற்றிலுள்ள ஈரம் பட்டு மெருகு பால்போல வெளுத்துவிடும். மெருகிட்ட மேஜைமேல் சூடான காப்பித் தம்ளரை வைத்தாலும் வெள்ளை வளையம் விழும். கீழே ஒரு தடுக்கை வைப்பது நல்லது.

நாற்காலியின் பிரம்புப் பின்னல் தொய்ந்து, ஆனால் அறுபடாமல் இருந்தால் செலவே இல்லை. அடிப்பக்கத்தில் வெந்நீரால் நன்றாக நனைத்து உலரவிட்டால் பிரம்பு தானே இறுகிக்கொள்ளும். அறுந்திருந்தால் பின்னுவோரை நாட வேண்டும். பார்வையற்றோர் பள்ளிகளில் இத்தொழில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. அவ்வாறு கற்றவர்கள் விரல்நுனியாலேயே பின்னல் கணக்கை அறிந்து வேலை செய்வதைக் காண்பது ஒரு வியப்பு. அவர்களிடம் பேரம் பேசாமல் கூலி கொடுப்பது நமக்கு அழகு.

நண்பர் செம்பூரில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கிறார். சன்னற் கதவுகள் அங்கே மேஜைகளாகிவிட்டன. கால்களைத் திருகாணியால் பொருத்தியிருப்பதால் வீடு மாற்றும்போது கழற்றிக்கொள்ளலாம். தகரப் பெட்டிகளையும் அவர் எறிந்துவிடவில்லை. இரண்டைச் சேர்த்துவைத்து, மேலே பஞ்சு மெத்தையிட்டு, பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்தார். கூடத்துக்குத் திண்ணை கிடைத்தது. அவருடைய மனைவியார், நைந்துபோன காஞ்சிபுரம் சேலையின் கரையை வெட்டித் தலையணை உறைகளுக்கு ஓரமாகத் தைத்திருக்கிறார். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. படங்களைப் பலகைமேல் சாய்த்தே வைத்திருக்கிறார்கள்.

அங்கே சென்றிருந்தபோது, அவர்களுடைய பத்து வயது மகள் என்னை மேஜையருகே அழைத்துச் சென்றாள். "மாமா, இந்த இடம் நான் தேய்த்தது" என்று ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். மற்ற இடங்களைவிட அது சற்றே பள்ளமாக இருந்தது. அந்தச் சிறுமிக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் நாகர்கோவில் என்பாள். வீடு எது என்று கேட்டால் செம்பூரைத்தான் சொல்லுவாள். இரண்டும் சரியான விடைகளே.

ஊரில் வீடு கட்டும் எண்ணத்தை யாரும் கைவிட வேண்டாம். அது நிறைவேறும்போது இந்த மேஜையும் நாற்காலியும் லாரியில் ஏறி உடன் வரும். மும்பையில் மழை ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. மெருகிடும் வேலைக்கு ஏப்ரல், மே மாதங்களே ஏற்றவை. பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. வண்ணம் பூசாத சாமானாகத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள். பிள்ளைகளின் கையிலும் ஆளுக்கொரு உப்புத்தாளைக் கொடுங்கள்.