சத்தம் கேட்கிறது, வார்த்தை விளங்குகிறதா?



ஆலயத்தின் ஒலிபெருக்கியைக் குறித்துப் பேச நம்மில் பெரும்பாலோரிடம் மூன்று சொற்களே உள்ளன: 'கூட்டுங்கள்', 'குறையுங்கள்', 'சரியில்லை'. இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்ற நான், ஐம்பது வயதைக் கடந்தபின், நம் மிக்சர் பலகையின் முன் அமரும் வாலிபர்களிடம் இன்னொரு பாஷையைக் கற்று வருகிறேன். அதற்குக் காரணம், பின்வரிசைகளில் அமரும் முதியவர்கள். "ஐயா, சத்தம் நல்லா கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் விளங்கல" என்கிறார்கள் அவர்கள். இது ஒலியின் அளவைப் பற்றிய முறையீடு அன்று. அதன் தன்மையைப் பற்றியது.

தன்மையைச் சொல்லச் சொற்கள் வேண்டும். 1962-இல் 'ஸ்டீரியோஃபைல்' என்னும் பத்திரிகையை அமெரிக்காவில் தொடங்கிய ஜே. கார்டன் ஹோல்ட், அளவுமானிகள் காட்டும் எண்களோடு நின்றுவிடாமல், காதால் கேட்டதைச் சொல்லால் விவரிக்கும் முறையை வளர்த்தார். அத்தகைய சொற்களுக்குப் பொருள் வரையறுத்து 1990-இல் ஓர் அகராதியும் வெளியிட்டார். அவற்றில் பல, கண்ணிடமும் தோலிடமும் கடன் வாங்கியவை: வெதுவெதுப்பு, பிரகாசம், இருள், சேறு. இது நமக்கும் அந்நியமன்று. கணீரென்ற குரல், கம்மிய குரல், கரகரப்பு, கீச்சு, வெண்கலத் தொண்டை என்று நம் பாட்டிமார் எத்தனை நுட்பமாகப் பிரித்துச் சொன்னார்கள்!

வாலிபர்கள் எனக்குக் கற்பித்தது இதுவே: இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு விலாசம் உண்டு. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 100 முதல் 200 வரையிலான பகுதி மிகுந்தால் அது 'குமுறல்'. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிப்பதாலும் இது நேரும். 200 முதல் 500 வரை மிகுந்தால் 'கலங்கல்', புதுவெள்ளம் வந்த ஆற்றுநீரைப் போல. 2,000 முதல் 4,000 வரை குறைந்தால் பேச்சு 'மங்கல்'. 5,000 முதல் 8,000 வரை மிகுந்தால் ஒவ்வொரு ஸகரமும் 'சீறல்'. 'சரியில்லை' என்று சொன்னால் அந்த வாலிபன் எதைத் தொடுவான்? 'கலங்கலாக இருக்கிறது' என்றால் அவன் விரல் செல்ல வேண்டிய இடம் அவனுக்குத் தெரியும்.

பின்வரிசையின் துன்பம் இப்போது விளங்கும். பேச்சின் உரம் பெரும்பாலும் உயிரொலிகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுபவையோ பெரும்பாலும் மெல்லிய மெய்யொலிகள். அவற்றுள் பல மேலே இருக்கின்றன. 'காசு', 'காது' என்னும் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நடுவிலுள்ள மெய்யொலி ஒன்றே அவற்றைப் பிரிக்கிறது. வயது கூடும்போது செவி பெரும்பாலும் முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களையே. ஆகவே முழுவதையும் கூட்டினால் குமுறல்தான் பெருகும், வார்த்தை தெளியாது. நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் ஷிபோலேத்தைச் சிபோலேத் என்று உச்சரித்தவர்கள் மாண்டதை வாசிக்கிறோம். ஓர் ஒலியின் வேறுபாடு அவர்களுக்கு உயிரின் வேறுபாடாயிற்று. மங்கலான ஒலிபெருக்கியில் அவ்விரு சொற்களையும் பிரித்தறிவது கடினம்.

பலகையால் தீர்க்க முடியாத குறை ஒன்றும் உண்டு. அதற்குக் 'கார்வை' என்று பெயரிடலாம்: வாய் மூடிய பின்னும் சுவர்களில் மோதி நிற்கும் ஒலி. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் விரிவுரை மண்டபம் ஒன்றைச் சரிசெய்ய வாலஸ் சபைன் என்னும் இயற்பியல் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டது. அங்கே ஒலி ஓய்வதற்குச் சுமார் 5.5 வினாடிகள் ஆயின. பேச்சுக்கு ஏறத்தாழ ஒரு வினாடியே ஏற்றது. அவர் இரவுதோறும் ஓர் ஆர்கன் குழலும் கடிகாரமுமாக அமர்ந்து, இருக்கை மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் அளந்தார். மென்மையான பொருள்கள் ஒலியை உட்கொள்கின்றன. மனித உடலும் உடையும் அப்படியே. வெறும் சுவரும் கிரானைட் தரையுமான ஆலயத்தில் சனிக்கிழமை மாலை செய்யும் சோதனை, ஞாயிறு காலை மக்கள் நிறைந்தபின் மாறிப்போவது இதனால்தான்.

இவையெல்லாம் தொழில்நுட்பம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில், கேட்பவனுக்குப் புரியாத பேச்சு அவனைக் கட்டியெழுப்பாது என்பதைப் பவுல் இசைக்கருவிகளைக் கொண்டே விளக்குகிறார். நம் பின்வரிசையில் ஒரு தாயார் மரியாதையின் நிமித்தம் ஒன்றும் சொல்லாமல், முழுப் பிரசங்கத்தையும் வெறும் முழக்கமாகக் கேட்டுவிட்டு வீடு திரும்பக்கூடும். சத்தம் அவருக்குக் குறைவில்லாததால் நமக்கும் அது தெரியாமற்போகும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு உங்கள் அருகில் அமரும் முதியவரிடம், "கேட்டதா?" என்று கேளாதீர்கள், "எந்த வார்த்தை விளங்கவில்லை?" என்று கேளுங்கள். குமுறியதா, கலங்கியதா, மங்கியதா, சீறியதா, அல்லது முந்தின சொல் ஓயுமுன் அடுத்த சொல் வந்து மோதியதா என்று பொறுமையாய் விசாரியுங்கள். அவர் சொல்லும் பதிலை அந்தச் சொல்லாலேயே நம் வாலிபர்களிடம் தெரிவியுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கர்த்தர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.