ஓரப் பார்வை

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பஸ். வளைவுக்கு வளைவு ஹாரன்.

டிரைவருக்கு நேரே இருப்பதைவிட ஓரத்தில் இருப்பதுதான் கவலை. ஆடு. பைக். கடுக்காய் மூட்டையோடு நிற்கும் ஆயா.

40 வயதுக்கு மேல் லைசென்ஸுக்கு டாக்டர் சான்று வேண்டும். படிவம் 1ஏ. 25 மீட்டரில் வண்டி நம்பர் தெரிகிறதா என்று அதில் ஒரு கேள்வி.

நம்பர் நேரே இருக்கும்.

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் பெரும்பாலும் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். கண் டெஸ்ட் போர்டில் கடைசி வரிவரை படித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

வலி இல்லை. சிவப்பு இல்லை. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் ஈடுகட்டும். ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பவர் யார்?

"கண்ணுல பிரஷரா? எனக்கு பிபியே இல்லையே சார்."

இரண்டும் வேறு.

கண் அழுத்தம் 10 முதல் 21 வரை சரி என்பார்கள். அதற்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. சொட்டு விட்டுக் கண்பாப்பாவை விரித்து நரம்பைப் பார்க்கவேண்டும். சில மணி நேரம் கண் கூசும். அதற்காகவே "இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

2024 ஜூன். கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம். 60 பேருக்கு மேல் சாவு. பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது. உடம்புக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பை அடிக்கும். ஓரிரு நாளில்.

கிளாக்கோமாவிலும் அதே நரம்புதான். வருஷக்கணக்கில்.

அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டக் கிராமங்களில் 40 வயது கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டது. திறந்த கோணம் என்ற மெதுவான வகை கிளாக்கோமா இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணாவது போயிருந்தது.

புரை என்றால் ஆபரேஷனில் பார்வை திரும்பும். இதில் போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்ற தினமும் சொட்டு. பாட்டில் தீர்ந்தால் மலையிறங்க வேண்டும்.

கண் அரிப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. மாதக்கணக்கில் விட்டால் அழுத்தம் ஏறலாம். அரிப்பு நின்றுவிடும். வம்பே அதுதான்.

பல்பைச் சுற்றி வானவில். தலைவலி, வாந்தி. பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிறார்கள். அது கிளாக்கோமாவில் காத்திருக்காத வகை. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

"அப்பாவுக்குக் கடைசில கண்ணு தெரியல. வயசாச்சுல்ல."

அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் யாரும் தங்கள் கண்ணைப் போய்க் காட்டுவதில்லை.

பெற்றவர்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் உங்களுக்கும் ஆபத்து கூடுதல். 40 ஆனதும் கண் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை இருந்தால் வருஷா வருஷம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது கணக்கில் சேராது. "அழுத்தமும் நரம்பும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.