நாட்காட்டியில் பெய்த மழை

பணி ஓய்வு பெற்றோரின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பொழுது எப்படிப் போகிறது?" பெரும்பாலான வீடுகளில் ஒரு பெருமூச்சே அதற்கு விடையாக வரும். தூத்துக்குடியில், உப்பளங்களை நோக்கிச் செல்லும் தெரு ஒன்றின் கடைசி வீட்டில் மட்டும் நாம் இக்கேள்வியைக் கேட்டதில்லை. அவ்வீட்டின் சுவர்களே விடை சொல்லிக்கொண்டிருந்தன.

அவ்வீட்டுத் தலைவர் இரயில்வேயின் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 2016-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவர். இளமையிலேயே அவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று ஊர் பார்ப்பது. மற்றொன்று பார்த்த ஊரைப் படமெடுப்பது. முன்னதற்கு, இரயில்வே ஊழியருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் இலவசப் பயணச் சீட்டு துணை செய்தது. பின்னதற்கு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய அக்ஃபா கிளிக் 3 காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். உதகமண்டலத்தில் அந்நாளில் இயங்கிவந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளைத்தான் வாங்குவாராம்.

"சுருள் பெட்டிக்குள்ள ஒரு துண்டுத் தாள் இருக்கும் சாமி. முழு வெயில், மங்கின வெயில், மேகம், நிழல்னு படம் போட்டு, எதுக்கு எவ்வளவு வெளிச்சம் விடணும்னு சொல்லியிருப்பான். அந்தத் தாள்தான் எனக்கு வானத்தைப் பாக்கக் கத்துக் குடுத்தது" என்பார் அவர்.

மலையும் கடலும் பாலமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் படமாக்குவது வானிலைதான் என்பது அவரது கொள்கை. ஆகவே அவர் காத்திருப்பார். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின்மீது, அலை தெறிக்க ஊர்ந்துவரும் வண்டி. கல்லாற்றைத் தாண்டிப் பற்சக்கரத்தின் துணையோடு மூடுபனிக்குள் ஏறும் நீலகிரி மலை இரயில். கோவா எல்லையில் இரயில் பாலத்தைச் சாரலால் மறைக்கும் தூத்சாகர் அருவி. இவை ஒவ்வொன்றும் மழைக்காகவோ பனிக்காகவோ காற்றுக்காகவோ அவர் காத்துக்கிடந்து பெற்றவை.

அவற்றுள் தலையாயது கஞ்சன்ஜங்கா. டார்ஜிலிங்கை அடையுமுன் வரும் பதாசியா வளைவில் சிற்றிரயில் புகை கக்கித் திரும்ப, அதன் பின்னே 8,586 மீட்டர் உயரச் சிகரம் காலைக் கதிரில் பொன்னாக நிற்கும். 1992 நவம்பரில் எடுத்த படம். போய்ச் சேர்ந்த நாளில் மலை மேகத்துக்குள் இருந்ததாம். தந்தி கொடுத்து விடுப்பை நீட்டித்துக்கொண்டு மேலும் மூன்று நாள் காத்திருந்து அதனை எடுத்திருக்கிறார். நாம் இப்பங்கிற்கு வந்த ஆண்டே அப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுப் பங்கு மன்றத்தில் மாட்டினோம். மாட்டிய நாளில் பேசவும் செய்தோம். "பொறுமைக்கு இலக்கணம் தேடுவோர் இப்படத்தைப் பார்க்கட்டும்" என்பது நமது உரையின் முத்தாய்ப்பு. நல்ல கைதட்டல் கிடைத்தது.

அவ்வீட்டில் இன்னொருவரும் இருந்தார். நாம் செல்லும்போதெல்லாம் காப்பி கொணர்ந்து வைத்துவிட்டு, கதவு நிலையருகே நின்று கணவரின் பயணக் கதைகளை அவர் கேட்டுக்கொண்டிருப்பார். "அம்மா, நலமா?" என்போம். "நல்லா இருக்கேன் சாமி" என்பார். அத்தோடு முடிந்துவிடும். முற்றத்தின் மூலையில் ஒரு பழைய பால்மாவு டின் எப்போதும் திறந்தபடி இருக்கும். கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார் போலும் என்று எண்ணிக்கொள்வோம். அவ்வீட்டில் கோழியே இல்லை என்பதைப் பல ஆண்டுகள் நாம் கவனித்ததில்லை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நம் மாவட்டத்தார் எளிதில் மறவார். 18-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதை விஞ்சிய மழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில், ஆடி ஆவணியில் காற்றை மட்டுமே பெற்று, ஐப்பசி கார்த்திகையை நம்பி வாழும் வறண்ட பூமி இது. அதற்கு ஒரே இரவில் வந்த அந்நீரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையத்தில் ஏறத்தாழ எண்ணூறு பயணிகள் வண்டியோடு சிக்கிக்கொண்டது அப்போதுதான்.

நீர் சற்று வடிந்தபின் நாம் அத்தெருவுக்குச் சென்றோம். அவ்வீட்டுக்குள் முழங்கால் அளவு வெள்ளம் நின்றிருந்த தடம் சுவரில் கோடாகத் தெரிந்தது. அலமாரியின் கீழ்த் தட்டுகளில் இருந்த படத் தொகுப்புகள் அனைத்தும் நனைந்து ஊறிவிட்டன. நிழற்படத் தாளின் மேற்பூச்சு ஜெலட்டின் என்னும் பசைப்பொருளால் ஆனது. நீரில் அது உப்பி இளகும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் பின்னர் பிரிப்பது அரிது. ஆகவே ஈரம் காயுமுன், தூய நீரிலிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்த வேண்டும். கணவனும் மனைவியும் ஒரு பித்தளை அண்டாவைச் சுற்றி அமர்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தனர். குடிநீருக்கே லாரியை எதிர்பார்த்துத் தெரு காத்திருந்த நாள் அது. அந்த அண்டா நீர், மாடித் தொட்டியில் தாம் காத்து வைத்திருந்ததிலிருந்து அம்மையார் எடுத்துக் கொடுத்தது என்று பின்னர் அறிந்தோம்.

கஞ்சன்ஜங்கா பிழைக்கவில்லை. சாயம் கரைந்து வெறும் நீலமாகியிருந்தது. அவர் முகத்தைக் கண்ட நாம், மறுநாளே மன்றத்தில் இருந்த பெரிய படத்தைக் கழற்றி எடுத்துச் சென்று அவர் கையில் கொடுத்தோம். குழந்தையைப் போல் அதனைத் தடவிப் பார்த்தார். பின்னர் அதைத் திருப்பி, பின்னட்டையில் தேதி குறிக்கப் பேனாவை எடுத்தார். நாள் நினைவில்லை. பிழைத்த படங்களின் பின்புறம் எழுதியிருந்தவையும் கரைந்து போயிருந்தன.

"இருங்க, பாத்துச் சொல்லுதேன்" என்று அம்மையார் உள்ளே சென்றார். பரணிலிருந்து ஒரு கட்டு இறங்கியது. கடைக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுக்கும் மாத நாட்காட்டிகள், 1985 தொடங்கி ஆண்டு வாரியாகக் கயிற்றால் கட்டியவை. பரணில் இருந்தமையால் அவற்றில் ஒரு துளி ஈரமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் நுணுக்கிய எழுத்து: பால் கணக்கு, எரிவாயு உருளை வந்த நாள், அவற்றின் கீழே மழை.

டின் எதற்கென்று அன்றுதான் தெரிந்தது. அம்மையாரின் தந்தையார் உப்பளத் தொழிலாளி. உப்பு விளையும் மாதங்களில் பருவம் தவறி மழை விழுந்தால் விளைச்சல் கரைந்துவிடும். வீட்டில் உலை ஏறாது. வானத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த பெண், மணமாகி வந்த வீட்டிலும் அவ்வழக்கத்தை விடவில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள எந்தப் பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்தாலும், அதில் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. வானொலியில் 'காலை எட்டரை மணி வரை' என்று சொல்லக் கேட்டு, அதே நேரத்தில் மகனின் அடிக்கோலை டின்னுக்குள் விட்டுப் பார்ப்பாராம். மில்லிமீட்டர் ஒன்றுக்கு, சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் என்னும் கணக்கை மகன் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

1992 நவம்பர் தாள் விரிந்தது. அம்மாதத்தில்தான் தூத்துக்குடி அருகே புயல் கரை கடந்தது, தாமிரபரணி பெருக்கெடுத்தது. கட்டம் கட்டமாக அவர் விரல் நகர்ந்தது. 'அவர் இல்லை.' 'அவர் இல்லை.' 13, வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் எழுத்து சற்று நெருக்கமாக இருந்தது. "டின் நிறைந்தது. ஓடு பறந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். அவர் இல்லை."

விடுப்பை நீட்டித்த அந்த மூன்று நாள்களுள் அதுவும் ஒன்று.

எவரும் பேசவில்லை. அண்டாவில் மிதந்த படங்களை அம்மையார் மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்துக் கணவர் கேட்டார்: "ஓடு பறந்ததை நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

அம்மையார் நம்மைப் பார்த்து விடை சொன்னார். "வரும்போது அண்ணன் வந்து ஓட்டை மாத்திக் குடுத்துட்டாக சாமி. பிள்ளைக்கும் காய்ச்சல் விட்டுட்டு. இவுக படத்தைக் கழுவிக் கொண்டாந்து காட்டுனாக. அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. அதுவே நம்மைச் சுட்டது. அப்படத்தைச் சட்டமிட்டு மாட்டியவர் நாம். பொறுமையின் இலக்கணம் என்று மேடையில் முழங்கியவரும் நாம். பொறுமை நாம் சொன்ன இடத்தில் மட்டும் இருக்கவில்லை. ஒருவர் அழகிய வானத்துக்காகக் காத்திருந்தார். மற்றொருவர் கொட்டும் வானத்தின் கீழ் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த இலவசப் பயணச் சீட்டு மனைவிக்கும் உரியது என்பதை இரயில்வே குடும்பங்கள் அறியும். அவ்வம்மையார் அதில் ஏறிச் சென்றவை இரண்டோ மூன்றோ திருமணங்கள் மட்டுமே.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. 1992 நவம்பரில் நாம் திருச்சியில் இறையியல் பயின்றுகொண்டிருந்தோம். நமது வீடு தாமிரபரணிக் கரையில். அம்மாதம் அன்னையிடமிருந்து வந்த அஞ்சலட்டை இன்றும் நினைவில் இருக்கிறது: "இங்கே நல்ல மழை. எல்லாரும் நலம். நீ நன்றாகப் படி." நாமும் நன்றாகப் படித்தோம். 'நல்ல மழை' என்னும் அவ்விரு சொற்களுக்குள் என்னென்ன கரைந்து கிடந்தன என்று நாம் கேட்கவில்லை. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது மாட்டுத் தொழுவம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. "பழசாயிட்டு, எடுத்தாச்சு" என்றார் அன்னை. நம்பிக்கொண்டோம். இப்போது கேட்கலாம் என்றால் விடை சொல்ல அவர் இல்லை. அவர் நாட்காட்டியில் எழுதும் வழக்கமும் உடையவர் அல்லர்.

காலநிலை மாறிவருகிறது என்று இன்று எல்லாரும் பேசுகிறோம். அம்மையாரின் கட்டுகளைப் புரட்டினால், அம்மாற்றம் ஒரு வீட்டின் கணக்காகத் தெரிகிறது. முன்னெல்லாம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நாலைந்து நாளுக்கொரு கட்டத்தில் சிறு சிறு எண்களாகப் பரவிக் கிடந்த மழை, அண்மை ஆண்டுகளில் பல கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டு ஒரே கட்டத்தில் வந்து விழுகிறது. ஒரு டின்னும் ஓர் அடிக்கோலும் கொண்டு எழுதிய இக்கணக்கை ஆராய்ச்சி என்று யாரும் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருந்தவர் எழுதியது. 2023 டிசம்பர் 17-ஆம் நாள் கட்டத்தையும் பார்த்தோம். "அளக்க முடியவில்லை. டின் மிதந்து போய்விட்டது. அவர் வீட்டில்."

சில நாள் கழித்து நண்பர் அந்தச் சட்டமிட்ட படத்தை நம்மிடமே திருப்பிக் கொண்டுவந்தார். பின்னட்டையில் 1992 நவம்பர் 13-இன் குறிப்பை எழுத்து மாறாமல் எழுதியிருந்தார். "மறுபடியும் மாட்டிருங்க சாமி" என்றார். மாட்டியிருக்கிறோம். மன்றத்துக்கு வருவோர் மலையைப் பார்க்கிறார்கள். பின்னால் எழுதியிருப்பது அவருக்கும் அம்மையாருக்கும் நமக்கும் தெரியும். இனி வாசகர்களுக்கும் தெரியும்.

2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும் பாலம். அவ்வாண்டு ஆடியில், ஓய்வு பெற்றோருக்குரிய இலவசச் சீட்டில் இருவருமாக மதுரை வழியே அங்குச் சென்று வந்தனர். எத்தனை படம் எடுத்தார் என்று வினவினோம்.

"ரெண்டே ரெண்டு சாமி. மேகம் கூடட்டும்னு நின்னேன். இவளுக்கு வெயில் தாங்கலைன்னா. இறங்கிட்டோம்."

அவர் இதைச் சொன்னபோது அம்மையார் கதவு நிலையருகே நிற்கவில்லை. எதிர் நாற்காலியில் அமர்ந்து நம்மோடு காப்பி அருந்திக்கொண்டிருந்தார். ஊருக்குச் செல்லுமுன் டின்னையும் அடிக்கோலையும் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் ஒப்படைத்திருக்கிறார். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்நாளின் கட்டத்தை நமக்குக் காட்டினார். பள்ளிக் கையெழுத்தில், கட்டத்தை விட்டு வெளியே வழிந்தபடி, அச்சிறுமி எழுதியிருந்தாள்: "மழை இல்லை. தாத்தா பாட்டி ரெண்டு பேரும் இல்லை."