ஐம்பது செல் சேர்ந்தால்தான் காலனி

கதிர்வீச்சு உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை எண்ணுவது. கதிர் பட்ட செல்களைத் தட்டில் விதைத்து, இரண்டு வாரம் வளரவிட்டு, கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றினால் ஊதாப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே செல்லிலிருந்து பெருகிய காலனி. அதில் ஐம்பது செல்லாவது இருந்தால்தான் கணக்கில் சேரும். 1956இல் தியோடர் பக், பிலிப் மார்கஸ் இருவரும் ஹீலா செல்களை வைத்து இப்படித்தான் கதிருக்குப் பின் மிஞ்சுபவற்றை அளந்தார்கள்.

என் கைக்கு அது எளிதில் படியவில்லை. தட்டின் அடியில் ஒட்டி வளரும் செல்களை டிரிப்சின் ஊற்றிப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் கொத்துக் கொத்தாக வரும்; அதிக நேரம் விட்டால் செல்லின் மேற்புறம் சிதைந்து மறுபடி ஒட்டாது. நான் விதைத்த தட்டுகளில், அதிக டோஸ் கொடுத்தவற்றில்கூடக் காலனிகள் நிறைந்திருந்தன. இந்தச் செல்கள் கதிரை நன்றாகத் தாங்குகின்றன என்று எழுதி வைத்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் பிரித்த கரைசலில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனை ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு பாரும்மா. நாலு செல் கொத்துல மூணு செத்தாலும் மிச்சம் ஒண்ணு காலனி போட்டுடும். நீ செல்லை அளக்கல, கொத்தை அளந்திருக்கே."

பிப்பெட்டில் மெல்ல உறிஞ்சி மெல்ல விடப் பழகினேன். நுரை எழும்பினால் விரலின் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். அடுத்து விதைப்பில் இடறியது. அரிசி கொழிப்பதுபோலத் தட்டை வட்டமாகச் சுழற்றியதால் செல்கள் நடுவில் குவிந்து, காலனிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து எண்ண முடியாமல் போயின. முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் நகர்த்த வேண்டும் என்று மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார்.

எண்ணும்போதும் தடுமாறினேன். கதிர் பட்ட தட்டுகளில் அகலமாக, தட்டையாகப் பரந்த செல்கள் தனித்தனியே கிடந்தன. உயிர்ச்சாயச் சோதனையில் அவை உயிருள்ளவை என்றே வரும். "உயிரோட இருக்கு, ஆனா பிரியாது. நம்ம கணக்குல அது போனதுதான்" என்றார் மேடம். வாழும் செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவது எது என்ற கேள்வி அங்கேதான் எனக்குள் எழுந்தது.

டி.என்.ஏ.யின் இரு இழைகளும் அறுந்தால் ஏ.டி.எம். என்னும் புரதம் விழிக்கிறது. பி53, செக்2 போன்ற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்த்துச் செய்தியைக் கடத்துகிறது. பி53 தூண்டும் பி21, செல் சுழற்சியை நிறுத்துகிறது. இதைப் பாடமாகப் படித்திருந்தேன். நம்பியது, அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா நோயாளியின் செல்களை மேடம் என்னிடம் கொடுத்த பிறகு. இந்நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான கதிர் சிகிச்சையே கடும் காயம் உண்டாக்கும் என்பது 1960களிலேயே பதிவானது. காரணமான ஏ.டி.எம். மரபணுவை யோசெப் ஷிலோவின் குழு 1995இல் கண்டறிந்தது.

இயல்பான செல்களுக்கும் இவற்றுக்கும் ஒரே 2 கிரே கொடுத்தேன். சிகிச்சையில் ஒரு நாளைக்கு வழக்கமாகத் தரும் அளவு அது. இயல்பான தட்டில் காலனிகள் தெளிவாக வந்தன. மற்றதில் தேட வேண்டியிருந்தது. கதிர் இரண்டிலும் ஒரே அளவு உடைப்பைத்தான் செய்தது. செய்தி போய்ச் சேராததால் இரண்டாவது வகை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் டி.என்.ஏ.யைப் படியெடுத்துக்கொண்டே போனது. மேடம் என் எண்ணிக்கையை மறுபடி எண்ணிப் பார்த்து, "சரியா இருக்கு" என்றார். அந்தச் சொல்லுக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன்!

செய்தி ஒன்றே ஆனாலும் திசுக்கள் அதை ஒரே மாதிரி ஏற்பதில்லை என்பதை அவரே பிறகு சொல்லிக்கொடுத்தார். பி53 இல்லாத எலிகளின் தைமஸ் செல்கள் கதிருக்குச் சாகாமல் தாங்குவதை 1993இல் கண்டார்கள். அங்கே பி53தான் தற்கொலைக்கு உத்தரவிடுகிறது. குடலின் மேற்படலத்திலோ பி53ஐ நீக்கினால் எலிகள் கதிரால் இன்னும் மோசமாகப் பாதிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு புரதத்தைத் தடுத்தால் திசு காக்கப்படுமா என்ற கேள்விக்கு, எந்தத் திசு என்று கேட்காமல் இன்று நான் பதில் சொல்வதில்லை.

இத்துறைக்கு வரும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். உயிர்ச்சாயச் சோதனை விரைவில் முடிகிறது என்று அதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு வாரம் காத்திருந்து காலனிகளை எண்ணுங்கள்.