பங்க்சர் பாடம்

அடியே,

ரெண்டு கடிதம் போட்டும் பதில் இல்லையே என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. எல்லாம் ஒரு லாரி டிரைவராலும் அவர் சம்சாரத்தாலும் வந்தது.

மனுஷனுக்கு மலக்குடலில் கட்டி. அதை எடுத்துவிட்டு, உள்தையல் ஆறட்டும் என்று சிறுகுடலை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சில மாதம் மலம் வயிற்றில் ஒட்டிய பைக்குள்தான். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சம்சாரமோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எனக்குக் காட்டுங்க சிஸ்டர், அவருக்கு எதுக்கு இதெல்லாம்?” என்கிறாள். இந்தப் பாசக்காரச் சம்சாரங்களைச் சமாளிப்பதுதான் நம் வேலையிலேயே கஷ்டம். நாளைக்கு லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகிறவர், வழியில் பை நிறைந்தால் இவளுக்கா போன் போடுவார்?

முதல் நாள் கையில் ஒரு கண்ணாடியை மட்டும் கொடுத்தேன். பார்த்தார். வெளியே வைத்த குடல்வாய், வாய்க்குள் இருக்கிற சதை மாதிரி செக்கச்செவேலென்று, ஈரமாக. அதில் வலி தெரிகிற நரம்பே கிடையாது என்றேன், நம்பவில்லை. தானே ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அட, ஆமா” என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். மறுநாளிலிருந்து, பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே கொட்டிவிடப் பழகினார். அவர் தடுமாறும்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நான் செய்தால் ஐந்து நிமிஷம், அவருக்கு முக்கால் மணி!

இத்தனை கெட்டிக்காரத்தனம் பண்ணியவள் கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குப் போகும்போது, பாவமே என்று பையைத் தோலில் ஒட்டுகிற பிளேட் ஐந்தில் நானே குடல்வாய் அளவுக்கு ஓட்டை வெட்டிக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாவது வாரம் வந்து நிற்கிறார்கள். ஒரே நாளில் மூன்று பை ஒழுகியிருக்கிறது. ஆபரேஷன் வீக்கம் வடிந்து குடல்வாய் சுருங்கிவிட்டது. ஓட்டை மட்டும் என் பழைய அளவிலேயே இருக்கிறது. ஒட்டாமல் விட்ட இடத்தில் சிறுகுடல் தண்ணீர் பட்டால் சும்மா இருக்குமா? சாப்பாட்டையே கரைக்கிற நீர், தோலை அரித்துவிட்டது. சிவந்துவிட்டதே என்று சம்சாரம் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறாள்! அப்புறம் பை எங்கே ஒட்டும்?

நான் திட்ட வாயெடுப்பதற்குள் அவரே தலையில் அடித்துக்கொண்டார். “பங்க்சர் ஒட்டுற இடத்துல எண்ணெய் இருந்தா பேட்ச் நிக்குமா சிஸ்டர்? தேச்சு, காயவெச்சு, சூடு ஏற அழுத்தணும்ல?” இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியதே இல்லையடி. வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, புதிதாக அளந்து, ரெண்டு மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக விட்டு அவரே வெட்டினார். வளைந்த கத்தரியை அவர் பிடித்த பிடியைப் பார்க்கணுமே!

பை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இந்த வேலையைத் தொடங்கி வைத்த நார்மா கில்லும் நர்ஸ் இல்லை, தெரியுமோ? தானே பை கட்டிக்கொண்டிருந்த பெண்மணி. 1958-ல் கிளீவ்லாந்தில் டாக்டர் டர்ன்புல் அவரைத்தான் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேலைக்கு வைத்தார். அந்த நினைப்பில், நம் டிரைவரை வார்டுக்குக் கூட்டிப்போய், போர்வைக்குள் முகத்தை மூடிக்கிடந்த ஒரு வாத்தியார் பக்கத்தில் உட்காரவைத்தேன். காலையில் வெறும் வயிற்றில் மாற்றினால் ஒழுக்கு குறைவு, தண்ணியாகப் போனால் உப்புக்கரைசல் குடிக்கணும் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறார். வாத்தியார் போர்வையை விலக்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: “டயர் எத்தனை நாளைக்கு ஒருவாட்டி மாத்தணும்?”

சம்சாரத்துக்கு மட்டும் என்மேல் கோபம் தீரவில்லை. “இப்ப என்னைக் கிட்டவே விடமாட்டேங்கிறாரு சிஸ்டர்” என்று போகும்போது முறைத்துவிட்டுப் போனாள்.

உன் வார்டுக் கதையை எழுது.